குப்பை கொடுத்தால் கோசு கிடைக்கும்!

பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுக்கிற தள்ளுவண்டிக்காரரை எல்லோருக்கும் தெரியும். அதே வியாபாரத்தை ஒரு பெரிய நகரசபையே நடத்துகிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

தென் அமெரிக்காவில் பிரேசில் என்று ஒரு நாடு. அதன் தெற்கே பரானா மாநிலம். அதன் தலைநகர் குரிட்டிபா. அங்கேதான் இந்த வியாபாரம் நடக்கிறது.

லாரி நுழையாத சந்து

1989-ம் ஆண்டில் ஜெய்மி லெர்னர் என்பவர் அந்த நகரின் மேயராக மூன்றாம் முறை பதவி ஏற்றார். கட்டிடக் கலை படித்தவர் அவர்.

ஏழைகள் வசித்த குடிசைப் பகுதிகளில் சந்துகள் மிகவும் குறுகல். குப்பை லாரி உள்ளே நுழைய முடியாது. குப்பை ஓடையில் விழுந்தது. எலி பெருகியது. நோயும் வந்தது.

சந்தை இடித்து லாரிக்கு வழி செய்யவில்லை லெர்னர். குப்பையை மூட்டை கட்டி, லாரி நிற்கும் இடத்துக்கு மக்களே கொண்டு வந்தால் பஸ் டிக்கெட் தருவதாக அறிவித்தார். கெட்டிக்கார யோசனைதான்! பஸ் எப்படியும் ஓடுகிறது. டிக்கெட் கிடைத்த ஏழையோ, வேலை தேடி நகரின் அடுத்த கோடிக்கும் போய் வரலாம்.

வயலில் அழுகிய கறிகாய்

நகருக்கு வெளியே இன்னொரு கஷ்டம். அங்கே சிறு விவசாயிகள் அதிகம். விளைச்சல் அமோகமாக இருந்தால் விலை விழுந்துவிடும். அறுவடைக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது. பாடுபட்டு வளர்த்த கறிகாய் வயலிலேயே அழுகும்.

விவசாயி தனியாக நின்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. ஆனால் இவர்கள் சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். 1991-ம் ஆண்டில் நகரசபை அந்தச் சங்கங்களிடமிருந்தே உபரிக் கறிகாய்களை வாங்கத் தொடங்கியது. வாங்கியதைக் குப்பைக்கு மாற்றாகக் கொடுத்தது. "காம்பியோ வெர்டே" என்று பெயர். பச்சைப் பண்டமாற்று என்று அர்த்தம்.

4-க்கு 1

கணக்கு சுலபம். காகிதம், அட்டை, கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக், இவற்றில் எதுவானாலும் 4 கிலோ கொடுத்தால் 1 கிலோ காய், பழம். சமையல் செய்து மிஞ்சிய எண்ணெயானால் 2 லிட்டருக்கு 1 கிலோ. 15 நாளைக்கு ஒரு முறை, குறித்த இடத்தில் லாரி வந்து நிற்கும். ஒரு பக்கம் தராசு, மறுபக்கம் கறிகாய். மூட்டையும் கையுமாக ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள்.

4 கிலோ என்பது லேசான பாரம் அல்ல. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் என்றால் நூறாவது பொறுக்க வேண்டும்! அப்படிப் பொறுக்கி வந்த தாய், பிள்ளைகளுக்குக் கோசும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் கொண்டு போகிறாள். இதைத் தர்மம் என்று யார் சொல்ல முடியும்? அவள் உழைத்த கூலி அல்லவா அது!

நகரசபைக்கும் பெரிய நஷ்டம் இல்லை. அந்தக் குப்பையை ஆள் வைத்து அள்ளினாலும் பணம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்தப் பணம் இப்போது விவசாயியின் கைக்குப் போகிறது. வந்த பொருளைத் தரம் பிரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். பிரிக்கும் வேலையில் உடல் ஊனமுற்றோருக்கும், குடியை விட்டுத் திருந்தியவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

குப்பையைப் பிரிக்க முதலில் கற்றுக்கொண்டவர்கள் குழந்தைகள். இலை போல் வேஷம் போட்ட நடிகர்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து ஆடிப்பாடிச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குப் பாடம் நடத்தினார்கள்!

லெர்னர் 2021-ம் ஆண்டு மே மாதம் காலமானார். தராசு மட்டும் ஓயவில்லை. 15 நாளைக்கு ஒரு முறை லாரி வருகிறது, வரிசையும் நிற்கிறது.