ஆகாய வழியில் இருப்பிடம் உரைத்தல்

தில்லி மயூர் விஹாரில் நண்பரின் இல்லத்தைத் தேடுபவருக்கு அப்பெயர் மட்டும் போதாது. எந்த ஃபேஸ், எந்தப் பாக்கெட், எவ்வெண் என்பனவும் வேண்டும்; மாடியும் தெரிய வேண்டும். மாடி தவறினால் அயலார் வீட்டு மணியை அழுத்திவிட்டுத் திரும்பலாம். ஆகாயத்தில் அவ்வசதி இல்லை.

விமானி வானொலி மூலம் தம் இருப்பிடத்தை அறிவிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. விமானத்தின் அழைப்புக் குறி, கடந்த வழிப்புள்ளி, கடந்த நேரம், உயரம், அடுத்த புள்ளி, அதனை அடையும் உத்தேச நேரம் என்பனவே அவ்வரிசை. நேரம் உலகப் பொது நேரமாகும். நமது மாலை 6.40 அதன்படி 13.10. இரு புள்ளிகளுக்கு இடையே இருப்பின், தரையிலுள்ள வானொலி நிலையத்திலிருந்து தமது திசையையும் தூரத்தையும் கூறலாம். அத்தூரம் சாய்வுத் தூரம் என்பது நினைவிற்குரியது. நிலையத்திற்கு நேர் மேலே ஏறக்குறைய 6,000 அடியில் பறக்கையில் கருவி சுழியைக் காட்டாது, 1 கடல்மைலைக் காட்டும். பிதாகரஸ் தேற்றம் பயிற்றும் ஆசிரியர்களுக்கு இது நல்லதொரு கணக்கு.

1996 நவம்பர் 12 அன்று மாலை, தில்லியை நோக்கி மேற்கிலிருந்து கஸகஸ்தானின் இல்யூஷின் 76 விமானமொன்று இறங்கி வந்தது. 15,000 அடியில் நிற்குமாறு அதற்கு உத்தரவு. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதியின் போயிங் 747 விமானத்திற்கு 14,000 அடி. இரண்டும் ஒரே வழியில் எதிரெதிராக வந்தன. நிலையத்திற்கு மேற்கே 46 மைலில் 15,000 அடியை எய்திவிட்டதாகக் கஸக் விமானத்தின் வானொலி இயக்குநர் அறிவித்தார். ஆனால் அவ்விமானம் அப்போது சுமார் 14,500 அடியில், மேலும் இறங்கிக்கொண்டிருந்தது.

தில்லியில் அந்நாளில் வழங்கிய முதனிலை ராடார் திசையையும் தூரத்தையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. எனவே கட்டுப்பாட்டு அதிகாரிக்கு உயரத்தைப் பற்றிய சான்று அவ்வாய்மொழி ஒன்றே. சர்க்கி தாத்ரிக்கு அருகே விமானங்கள் மோதின. 349 பேரும் மாண்டனர்.

நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை, அனுமதியின்றி இறங்கியதே காரணம் என முடிவு செய்தது. பொறுப்பு முழுவதையும் வானொலி இயக்குநர் மேல் சுமத்துவது முறையன்று என்பது எமது கருத்து. அவருக்கெனத் தனி உயரமானி கிடையாது. விமானிகளின் கருவிகளை அவர்களது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. தாம் 15,000 அடியில் இல்லை என்பதை மோதலுக்குச் சில விநாடிகள் முன்னரே உணர்ந்து, மேலேறுமாறு அவர் கூறினார். விமானமும் சற்றே ஏறியது.

பின்னர் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டிற்கும் தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் இந்தியாவிற்கு வந்துபோகும் பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று.