அறுநூறு ஆண்டு கண்ட கல்வீடு

'வீட்டைக் கட்டிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டிய வீட்டைக் காத்துப் பார் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலே, கோர்ன்வால் பகுதியைச் சேர்ந்த டின்டாஜல் என்னுங் கடலோரக் கிராமத்தில் ஒரு சிறு கல்வீடு உண்டு. 'பழைய தபாற் கந்தோர்' என்பது அதன் பெயர்.

டின்டாஜல் என்றதும் ஆர்தர் மன்னனின் கதையே பலர்க்கும் நினைவில் எழும். அங்கே கடற்பாறைமேல் 13 ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை இன்று இடிந்து கிடக்கின்றது. அடுத்த நூற்றாண்டிலே ஊருக்குள் எழுந்த இவ்வீடோ இன்றும் கூரையோடு நிற்கின்றது.

இதன் அமைப்பைச் சற்று நோக்குவோம். பெருமாளிகை ஒன்றின் திட்டத்தைச் சுருக்கி அமைத்தாற் போன்றது இவ்வீடு. நடுவே கூடம், அதற்கு மேல்மாடி இல்லை. நிலத்திலிருந்து கூரை மரங்கள் வரை வெளியாகவே விடப்பட்டுள்ளது. அக்காலக் கூடங்களிற் பெரும்பாலும் தரையின் நடுவே தீ மூட்டுவர். புகை மேலெழுந்து கூரைவழியே வெளியேறும். கூடம் உயரமாக அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். புகைபோக்கி பிற்காலத்து வசதியாகும். கூடத்தின் இருபுறமுஞ் சிறிய அறைகள் உள்ளன.

அத்திலாந்திக் கடலின் புயற்காற்றைத் தாங்கச் சுவர்கள் தடித்தும் சாளரங்கள் சிறுத்தும் உள்ளன. கூரையில் ஓட்டுக்குப் பதிலாகச் சிலேட்டுக் கற்கள் வேயப்பட்டுள்ளன. பள்ளிச் சிறுவர் எழுதிப் பழகிய சிலேட்டும் இவ்வினக் கல்லே. இக்கல் மழைநீரை உள்ளே விடாது. ஆனால் பாரம் மிக்கது. அப்பாரத்தைச் சுமந்து சுமந்து மரங்கள் வளைந்தன. அதனாற் கூரையின் முதுகு கடலலை போல நெளிந்து காணப்படுகின்றது.

விக்டோரியா மகாராணியார் காலத்திலே, அயலூர்க் கடிதங்களை ஏற்கும் நிலையமாகச் சில காலம் இவ்வீடு பயன்பட்டது. இன்றைய பெயர் அவ்வாறு வந்ததே.

அந்நூற்றாண்டின் இறுதியில் வீடு சிதைந்து, இடிக்கப்படும் நிலையை அடைந்தது. அப்போது, 1895 இல், கதரின் ஜோன்ஸ் என்னும் பெண்மணி அதனை விலைகொடுத்து வாங்கிக் காத்தார். பழுது பார்க்கும் பணி டெட்மார் புளோ என்னுங் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழங் கட்டடங்களைப் புதுக்கி அழகுபடுத்துதல் தகாது, பழுதை மட்டும் நீக்கிப் பேணுதல் வேண்டும் என்பது அறிஞர் வில்லியம் மொரிஸ் 1877 இல் நிறுவிய பாதுகாப்புச் சங்கத்தின் கொள்கை. அக்கொள்கை வழி நின்றவர் புளோ. நெளிந்த கூரை நெளிந்தவாறே நமக்குக் கிடைத்தது அதன் பயனாகும். 1903 இல் 'நாஷனல் டிரஸ்ட்' என்னுந் தேசிய அறநிதியம் வீட்டைத் தன் உடைமையாக்கியது. இன்றும் அதுவே பேணி வருகின்றது.

கோட்டைகளும் அரண்மனைகளுமே வரலாற்றுச் சின்னங்கள் என எண்ணுவோர் பலர். ஆயின் எளிய மக்கள் எவ்வாறு சமைத்தனர், எவ்வாறு குளிர் காய்ந்தனர், எவ்வாறு உறங்கினர் என்பவற்றைச் சிறு வீடுகளே நமக்குச் சொல்லும். அவை சத்தமின்றி மறைவன. ஒரு நாளில் இடித்துவிடலாம். அறுநூறு ஆண்டுகளை மீண்டும் கட்டுதல் எவர்க்கும் இயலாது. காலமறிந்து ஒருவர் முன்வந்தமையால் இவ்வீடு தப்பியது.