அமைதியும் உடைமையும்: ஒரு வழக்கின் வர்க்கப் பின்னணி

அயல் வணிக நிலையத்தின் இரைச்சல் தம் தொழிலைக் குலைக்குமாயின் ஒருவர் எதைக் கோரலாம்? ஆங்கிலச் சட்டம் இரு பரிகாரங்களை அளிக்கிறது: தடையுத்தரவு, நட்டஈடு. இதன் அடிப்படையை 1879இல் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கிற் காண்கிறோம். இனிப்புப்பண்டம் செய்வோர் ஒருவர் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சமையற்கூடத்தில் உரல்களை இயக்கிவந்தார். அதையொட்டி, அயலிலிருந்த மருத்துவர் நோயாளரைப் பார்க்கும் அறையொன்றைக் கட்டிய பின்னரே அவ்வோசை தொல்லையாயிற்று. நீண்டகாலப் பயன்பாட்டால் உரிமை பெற்றதாக முன்னவர் வாதிட்டார். வழக்கிட இயலாதிருந்த காலம் கணக்கில் வராது எனக் கூறி, நீதிமன்றம் மருத்துவருக்குத் தடையுத்தரவு வழங்கியது. ஆகவே, பின்வந்தவரும் வழக்கிடலாம். ஆயினும் 2014இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், தடையுத்தரவுக்குப் பதிலாக நட்டஈடு வழங்குவதற்கு முன்னிலும் கூடிய இடமளித்தது.

நம் கவனத்துக்குரியது வேறொரு கூற்று. பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாவது பெர்மண்ட்சியில் அவ்வாறாக வேண்டியதில்லை என்றது 1879ஆம் ஆண்டுத் தீர்ப்பு. முன்னையது செல்வர் குடியிருப்பு. பின்னையது தோல் பதனிடும் தொழிலாளரின் பகுதி. இவ்விதி பட்டறைகளின் பிழைப்பையும் காக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உடைமைக்குப் பௌதிகச் சேதம் நேர்ந்தால் இடத்தின் தன்மை பொருட்டல்ல என 1865இலேயே பிரபுக்கள் சபை தீர்த்திருந்தது. உடைமைக்கு எங்கும் ஒரே அளவுகோல். மனிதரின் உறக்கத்துக்கோ வாழும் தெருவே அளவுகோல்.