மூட்டு வலிக்கும்போது உடற்பயிற்சி செய்யலாமா?

மும்பையில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வயது 52. தினமும் நான்கு வீடுகளுக்குப் போகிறார். பாத்திரம் தேய்க்கிறார். துணி துவைக்கிறார். ஈரத்துணியைக் கையில் பிடித்து, குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து தரையைத் துடைக்கிறார். 30 வருடமாக இதுதான் அவருடைய வேலை.

இப்போது இரண்டு வருடமாக முழங்கால் வலி. குந்தினால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்துத்தான் எழுகிறார். மாடிப்படி இறங்குவது பெரும்பாடு. நான்கு வீடு இரண்டு வீடாகிவிட்டது. வருமானமும் பாதியாகிவிட்டது.

"முட்டிச் சவ்வு தேய்ந்துவிட்டது. இனிக் காலை அசைக்காதே" என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஆனால் அரசு மருத்துவமனையில் டாக்டர் வேறு மாதிரி சொன்னார். தினமும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

"டாக்டர், வேலை செய்து செய்துதானே இந்தக் கால் தேய்ந்தது? இன்னும் வேலை கொடுக்கச் சொல்கிறீர்களே!"

நியாயமான கேள்விதான். இந்தியா முழுவதும் பலர் மனத்தில் இருக்கும் கேள்வி இது. வங்காளத்தில் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறார்கள். உத்தராகண்டில் பெண்கள் மலைச்சரிவில் புல்லுக்கட்டைச் சுமந்து வருகிறார்கள். காஷ்மீரில் நாள் முழுவதும் காலை மடக்கி உட்கார்ந்து கம்பளம் நெய்கிறார்கள். இவர்களில் பலருக்கும் வயதானால் மூட்டு வலி வருகிறது. வலி வந்ததும் காலை அசைக்கப் பயப்படுகிறார்கள்.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. எலும்பு எலும்போடு உரசக் கூடாது. அதற்காக இரண்டு எலும்பு முனையிலும் வழவழப்பான உறை இருக்கிறது. அதைக் குருத்தெலும்பு என்பார்கள். மக்கள் 'சவ்வு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நடுவில் கொஞ்சம் பசை போன்ற நீர் இருக்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போல அது உதவுகிறது.

வயது ஏற ஏற இந்த உறை தேயலாம். உடல் எடை கூடினாலும் தேயலாம். பழைய அடி, பல வருடம் குந்தியும் சுமந்தும் செய்த வேலை, இவையும் காரணம் ஆகலாம். இதுதான் மூட்டுத் தேய்மானம். தேய்ந்த உறை மறுபடி பழையபடி வளராது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கதவுக் கீல் வேறு, மூட்டு வேறு. கீலுக்கு உயிர் இல்லை. மூட்டுக்கு உயிர் உண்டு. அதற்குச் சாப்பாடு வேண்டும். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. பிறகு சாப்பாடு எப்படிப் போகிறது? தண்ணீரில் கிடக்கும் பஞ்சை அழுத்தினால் நீர் வெளியே வரும். கையை எடுத்தால் நீர் உள்ளே போகும். மூட்டிலும் அப்படித்தான். கால் அசையும்போது உறை அழுந்துகிறது, விடுபடுகிறது. மூட்டு நீர் உள்ளே போய் வருகிறது. அந்த நீரில்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டும் அல்ல. தொடையின் முன்பக்கத் தசையும் தாங்குகிறது. பஸ் குழியில் இறங்கினால் அதிர்ச்சியை அடியில் உள்ள பட்டை வாங்கிக்கொள்கிறது அல்லவா? நடக்கும்போது தொடைத் தசை அந்த வேலையைச் செய்கிறது. வலிக்குப் பயந்து படுத்தே இருந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் பாரம் மூட்டின் மேல் விழுகிறது. வலி கூடுகிறது. வலி கூடினால் இன்னும் படுக்கிறோம்.

வேலையும் பயிற்சியும் ஒன்றா?

அந்தப் பெண்ணின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. குந்தித் தரை துடைக்கும்போது முழங்கால் முழுவதும் மடங்குகிறது. முழு உடலின் பாரமும் மடங்கிய முட்டியில் அழுந்துகிறது. அதுவும் மணிக்கணக்கில். வலித்தாலும் நிறுத்த முடியாது. வீட்டுக்காரர் காத்திருப்பார்.

பயிற்சி அப்படி அல்ல. பாரம் இல்லாமல் செய்வது. மெதுவாகச் செய்வது. எண்ணிச் செய்வது. வலித்தால் நிறுத்திவிடலாம். வேலையில் களைத்த உடம்புக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். வேலையில் சில தசைகள்தான் உழைக்கின்றன. முட்டியைத் தாங்கும் தசைக்குத் தனியாகப் பலம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எப்படிச் செய்வது?

முதலில் மிகச் சுலபமானது. பாயில் அல்லது கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் அந்தத் துண்டைக் கீழே அழுத்துங்கள். தொடைத் தசை இறுகும். தொட்டுப் பார்த்தால் தெரியும். ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு விடுங்கள். இப்படிப் பத்து முறை. அடுத்த காலுக்கும் பத்து முறை. மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக நடக்கும்.

இது பழகிய பின் மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கி வையுங்கள். மற்றக் காலை மடக்காமல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம் தூக்குங்கள். ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். முதல் வாரம் ஐந்து முறை போதும். பிறகு பத்து ஆக்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து செய்வது இன்னொன்று. காலை முன்னால் நீட்டி, நேராகப் பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். டீக்கடை பெஞ்சிலும் செய்யலாம். ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம்.

நடப்பதும் நல்லது. சமதரையில் நடக்க வேண்டும். முதலில் பத்து நிமிடம். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். ஒரேயடியாக அரை மணி நேரம் நடக்க முடியாதா? காலையில் பத்து, மதியம் பத்து, மாலையில் பத்து என்று பிரித்து நடக்கலாம். தேய்ந்த செருப்பு வேண்டாம். சைக்கிள் தெரிந்தவர்கள் மேடு இல்லாத பாதையில் ஓட்டலாம். இருக்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் முட்டி அதிகம் மடங்காது.

காலையில் மூட்டு இறுகிக் கிடக்கும். அப்போது வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுங்கள். பிறகு பயிற்சி செய்தால் சுலபமாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம். அவர்கள் துணியின் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு வலிக்கலாம்?

பலர் பயிற்சியை விடுவது இந்த இடத்தில்தான். முதல் நாள் செய்கிறார்கள். லேசாக வலிக்கிறது. "ஐயோ, தேய்கிறது" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

தொடங்கும்போது கொஞ்சம் வலிக்கும். அதனால் மூட்டு கெட்டுப்போகாது. இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வலி பழைய அளவுக்கு வந்துவிட்டதா? பயிற்சி சரியான அளவில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆகியும் முன்பைவிட வலி அதிகமாக இருக்கிறதா? அன்று செய்தது அதிகம். மறுநாள் குறைத்துச் செய்யுங்கள். குறைக்கத்தான் வேண்டும், விட வேண்டாம். பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே தெரியவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் நடையும் பயிற்சியும் வேண்டாம். படுத்தபடி காலை மெல்ல மடக்கி நீட்டினால் போதும்.

வேலையை எப்படி மாற்றுவது?

வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அதனால் வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். தரை துடைக்க நீளக் கம்பு வைத்த மாப் வாங்கித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேட்கலாம். நின்றுகொண்டே துடைக்கலாம். சிலர் "மூலை சுத்தமாகாது" என்பார்கள். வேலை செய்பவரின் முட்டியைவிட மூலை பெரிதா? கேட்கத்தான் வேண்டும். பாத்திரத்தை மேடையில் வைத்துத் தேய்க்கலாம். தரையில்தான் தேய்க்க வேண்டும் என்றால் குந்தாமல் முக்காலியில் உட்காரலாம்.

வீட்டில் கீழே உட்கார்ந்து எழுவது கஷ்டமானால் நாற்காலி வேண்டும். குந்தும் கழிப்பறைதான் இருக்கிறதா? நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி விற்கிறது. அதை மேலே போட்டுக்கொள்ளலாம்.

மாடி ஏறும்போது முதலில் நல்ல கால். இறங்கும்போது முதலில் வலிக்கும் கால். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கையில் தடி. பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

உடல் கனத்தவர்கள் எடையைக் கொஞ்சம் குறைத்தாலும் பலன் பெரியது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது.

மாத்திரை விஷயத்தில் கவனம்

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை உடனே வலியைக் குறைக்கும். ஆனால் நாள்தோறும் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரலாம். சிறுநீரகம் கெடலாம். இரத்த அழுத்தம் கூடலாம். இன்னும் ஆபத்தானது, பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் தூள், உருண்டை. "ஒரே வாரத்தில் ஓடலாம்" என்பார்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். முதலில் சுகமாக இருக்கும். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும். டாக்டர் சொன்ன மாத்திரையை அவர் சொன்ன நாள்வரை மட்டும் சாப்பிடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை விரல்கள் இறுகிக் கிடக்கின்றனவா? இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்குகின்றனவா? இளம் வயதுப் பெண்களுக்கும் இது வருகிறது. இது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். பயிற்சி மட்டும் செய்துகொண்டு காலத்தைக் கடத்தக் கூடாது.

மூட்டு சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலும் அப்படியே. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். அது முட்டியின் விஷயம் அல்ல. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயிற்சியைச் சரியாகச் சொல்லித் தருபவர்கள் பிசியோதெரபி நிபுணர்கள். முதியோருக்கான தேசிய சுகாதாரத் திட்டம் 2010-இல் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனைகளில் முதியோருக்குப் பிசியோதெரபி தருவதும் அதில் ஒரு பகுதி. ஊரில் உள்ள ஆஷா பணியாளரிடம் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்.

இவ்வளவு செய்தும் சிலருக்கு வலி தீராது. இரவிலும் தூங்க முடியாது. அவர்களுக்குச் செயற்கை மூட்டு வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. அறுவை முடிந்ததும் நோயாளியைப் படுக்கவைத்தே இருப்பதில்லை. பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். கட்டிலில் அவருக்குச் சொல்லித் தரும் முதல் பயிற்சிகளில் ஒன்று, முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் அதே பயிற்சிதான்.