நாலு சக்கரம் - 11: நெளிந்த ரிம்மும் வெடித்த ரிம்மும்

போன வாரம் டயரோடு நின்றோம். பள்ளத்தில் விழுந்து பக்கச்சுவர் வீங்கிய டயரைக் கழற்றி எறிய வேண்டியதுதான், அதில் இனிப் பேச்சில்லை. அதே பள்ளம் டயரையும் தாண்டி வீலை அடித்திருந்தால்? பெண்டு எடுத்து ஓட்டலாமா, மாற்றியே தீர வேண்டுமா?

இதற்கு விடை தேடிப் போன இடத்தில் ஐ.எஸ்.ஓ. 7141 கையில் சிக்கியது. அலாய் வீலை இடித்துப் பார்க்கும் முறையை வகுத்திருக்கும் சர்வதேசத் தரம் அது. படித்த நாளிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டயர் மாட்டிக் காற்றடித்த வீலைப் படுக்கவைத்து, 13 டிகிரி சாய்த்துப் பூட்டுகிறார்கள். மேலே தூக்கலாக நிற்கும் விளிம்புக்கு 230 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் எடைக்கட்டை தொங்கும். கிட்டத்தட்ட ஒரு சாண். கட்டை எத்தனை கிலோ? அந்த வீல் தாங்க வேண்டிய அதிகபட்சச் சுமையில் 60 சதவீதம், அதோடு 180 கிலோ. 450 கிலோ தாங்கும் வீலுக்குப் போட்டுப் பாருங்கள்: 270, கூட 180, ஆக மொத்தம் அதே 450! தான் சுமக்கும் அத்தனை எடையும் ஒரு சாண் உயரத்திலிருந்து ஒற்றை விளிம்பில் வந்து விழுகிறது.

விழுந்த பிறகு எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் என்னை உட்காரவைத்தது. கட்டை மோதிய இடத்தில் ரிம் நெளியலாம். அங்கேயே வெடிப்பு விட்டாலும் அதைத் தோல்வி என்று எழுதுவதில்லை. வீலின் நடுப்பகுதியில் ஊடுருவிய வெடிப்பு இருக்கக் கூடாது, நடுப்பகுதி ரிம்மை விட்டுப் பிரியக் கூடாது, ஒரு நிமிடத்துக்குள் காற்று மொத்தமும் போய்விடக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. ஓரம் சேதப்பட்டாலும் ஸ்போக்கும் ஹப்பும் பிழைக்க வேண்டும், வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகவே, பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்ததும் "மட்டமான வீல்" என்று திட்டாதீர்கள். அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த வேலையை மறுபடியும் செய்யுமா என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி.

அடி பெரும்பாலும் தடம் விடுவது உள்பக்க விளிம்பில். ஸ்போக்குகள் வெளிப்பக்கத்தை ஒட்டி இருப்பதால் உள்விளிம்புக்குத் துணை இல்லை. வெளியே நின்று பார்த்தால் வீல் பளபளவென்று இருக்கும். ஒரு டயர் கடையில் நின்றிருந்தபோது அப்படி ஒரு கார் வந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்குகிறதாம், எந்தப் பஞ்சர் கடையிலும் ஓட்டை அகப்படவில்லையாம். கடைக்காரர் வீலைக் கழற்றி உள்பக்கம் சோப்புத் தண்ணீரைத் தடவினார். ரிம்மின் விளிம்போரம் மயிரிழைக் கோடு ஒன்று. அதிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

"பஞ்சர் டயர்ல இல்ல சார், டிஸ்க்ல."

"ஆர்கான் வெல்டிங் வச்சு அடைச்சுக் குடுத்துடுங்கண்ணே."

"அடைச்சிடலாம் சார். பைபாஸ்ல நூறுல போறப்ப அது புடிச்சுக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் சொன்னதற்குக் காரணம் உலோகத்துக்குள் இருக்கிறது. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் துளி மக்னீசியமும் கலந்து வார்த்த வீலை, 540 டிகிரி அளவில் மணிக்கணக்கில் சுட்டு, தண்ணீரில் முக்கி, பிறகு 150 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் வைத்துத்தான் அதற்கு பலம் ஏற்றுகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த பலம் போய்விடும். கேஸ் விளக்கைக் காட்டி நிமிர்த்தினாலும் அதே கதிதான். இரும்பு என்றால் பழுத்துச் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ உருகும் வரை நிறம் காட்டாது, எவ்வளவு சூடேறியது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வெடிப்பு என்றதும் 1842 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில் இன்ஜின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகளை வெளியே பூட்டியிருந்ததால் பலர் உள்ளேயே வெந்து போனார்கள். அண்டார்க்டிகாவரை கப்பலோட்டித் திரும்பிய டூமோன் டூர்வில் மனைவி, மகனோடு இறந்ததும் அதில்தான். உலோகம் திரும்பத் திரும்பச் சுமை ஏறிச் சோர்ந்து, நூலளவு வெடிப்பு உள்ளே வளர்ந்து முறிகிறது என்ற ஆராய்ச்சிக்கு அந்த விபத்து பெரிய தூண்டுகோல். உங்கள் வீலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுமையை வாங்குகிறது. வெடிப்பு தானாகச் சுருங்காது.

என் தீர்ப்பு இது. பிளாட்பாரத்தில் உரசிய கீறலா? தேய்த்து பெயின்ட் அடியுங்கள். உள்விளிம்பில் லேசான நெளிவா? பல கார் கம்பெனிகள் நிமிர்த்துவதையே ஏற்பதில்லை. நான் அந்த அளவு கறார் இல்லை. நெருப்புக் காட்டாமல் பிரஸ்ஸில் நிமிர்த்தி, டை டெஸ்டில் தேறி, பேலன்சிங் மெஷினில் ஆட்டமில்லாமல் சுற்றினால் ஓட்டலாம். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால் வெடிப்புக்குள் ஒளிந்த சாயம் கோடாகக் கசிந்து வெளியே வரும்; அதுதான் டை டெஸ்ட். கோடு தெரிந்தால் வீலை மாற்றுங்கள். ஸ்போக்கிலோ போல்ட் துளையைச் சுற்றியோ அடி பட்டிருந்தால் டெஸ்ட்டுக்கே அவசியமில்லை, மாற்றுங்கள்.

இரும்பு வீல் வேறு ஜாதி. சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா 1960-களிலிருந்து செய்துவரும் அந்த வகை, உடைவதற்கு முன் நன்றாக வளைந்து கொடுக்கும். விளிம்பு நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். நடுத்தட்டு கோணிவிட்டால் மாற்றுவதே மேல், விலையும் குறைவு.

புதுப்பேட்டையில் பழைய அலாய் வாங்குவது பற்றியும் ஒற்றை வீலுக்கு ஜோடி தேடுவது பற்றியும் இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் முழுதாகவே எழுதுகிறேன். அதுவரை ஒரு வேண்டுகோள்: வெடித்த வீலைக் கடையில் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அது இன்னொருவர் காரில் ஏறிவிடும். கண்ணெதிரே அறுத்துப்போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.