கள்ளிச் செடி சொன்ன சாட்சி

வில்லுப்பாட்டு என்றதும் பலருக்கு நினைவு வருகிறவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். அவருக்கு வில்லுப்பாட்டு எழுதிக்கொடுத்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் சபாக்களுக்கும் கொண்டுபோய், 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-ல் மறைந்தார். ஆனால் சகோதரிகளே, கருங்கல் பக்கத்துக் கோயில் கொடைகளில் நாங்கள் கேட்டு வளர்ந்த வில்லுப்பாட்டு வேறு. அது ஜனங்களுக்கு மட்டுமல்ல, சாமிக்கும் சேர்த்துப் பாடுவது. எல்லை தாண்டி நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் இதையே வில்லடிச்சான் பாட்டு என்பார்கள்.

மண்குடத்தின் கழுத்தில் நீண்ட வில்லைப் பொருத்தி வைத்திருப்பார்கள். வில் நெடுக வெண்கல மணிகள். நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்பவரை மரியாதையாகப் புலவர் என்றோ அண்ணாவி என்றோ அழைப்பார்கள். கூடவே உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடம் அடிப்பவர். ஒரு பக்கம் இருப்பவர்கள் அடியெடுத்துப் பாட, மறுபக்கம் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தொண்டை கம்மாமல் பாடிப் பார்த்தால்தான் தெரியும்! இடையிடையே கருப்பட்டிக் காப்பியும் வெந்நீரும்தான் அவர்களுக்குத் துணை.

கதைகளில் பாதி, தெய்வம் பிறந்த கதை. மற்றப் பாதி, அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் தெய்வமான கதை. பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான். நீலி கதையையே பாருங்களேன். தாசி வீட்டுப் பெண் ஒருத்தியின் சொத்தையெல்லாம் கரைத்த வேதியன், நகைக்கு ஆசைப்பட்டு, தன் மடியில் தலைவைத்துத் தூங்கியவளைக் கல்லைப் போட்டுக் கொல்கிறான். ஆளில்லாத காடு, பக்கத்தில் நின்ற கள்ளிச் செடி ஒன்றுதான் சாட்சி. மறுபிறவியில் அவள் நீலியாக வந்து பழிதீர்க்கும்போது, அந்தக் கள்ளிக் கொப்புதான் குழந்தையாகி அவள் இடுப்பில் இருக்கிறது. அவள் கண் அயர்கிற இடம் வந்ததும் பெண்கள் பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. "ஒறங்காத பிள்ளே, ஒறங்காத!" என்று ஒரு கிழவி வாய்விட்டே கத்தினதை நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் வெளியே சொல்ல முடியாதது எத்தனையோ பேருக்கு இருக்கிறது. ஊர் நடுவில், சாமி முன்னால், ஒருத்திக்கு நடந்ததை முழுசாகச் சொல்லிக் கேட்பது அவர்களுக்குச் சின்ன விஷயமா?

சாமியாடிக்கு அருள் வருவதும் இப்படிப்பட்ட உச்சத்தில்தான். அதற்குத் தக்கபடி பாட்டை முடுக்கவும் இழுத்துப் பிடிக்கவும் அண்ணாவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஏட்டிலும் இல்லாத வித்தை இது.

இது ஆண்களின் தொழில் என்று நினைத்துவிடாதீர்கள். 2018-ல் காலமான பூங்கனி அம்மாள் சிறுவயதிலேயே வில்லடிக்கத் தொடங்கி, குமரி, நெல்லை ஊர்களிலெல்லாம் பேர் வாங்கியவர். அவருடைய முதுமைக் காலம் வசதியாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. கொடைக்குக் கொடை கூலி வாங்கும் தொழிலில் சேமிப்பு ஏது?

பாடி ஓய்ந்த ஒரு பாட்டியம்மாவிடம், "கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிம்மா ராத்திரி முழுக்கப் பாடுனீங்க?" என்று கேட்டேன்.

"பின்னால தொட்டிலு கெட்டிப் போடுவோம் மக்களே. குடஞ் சத்தத்துல நல்லா ஒறங்கும். பாட்டு நின்னாத்தான் முழிச்சு அழும்" என்றார்.

இப்போது நேரம்தான் பஞ்சம். 2000-ஆம் வருஷத்து ஒலி விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. பச்சைப்பிள்ளையும் நோயாளியும் உள்ள வீட்டுக்காரியாக, அது நியாயம் என்றே சொல்வேன். ஆனால் அதைச் சாக்காக வைத்து, ராத்திரி முழுக்கப் பாடும் கதையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். சுருக்கும்போது கொலையும் பழியும் தங்கிவிடும். தாய் அவளைச் சீராட்டி வளர்த்ததும் வீட்டுச் சொத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததும் போய்விடும். கொல்லப்பட்டவள் யார் என்றே தெரியாமல் பழியை மட்டும் கேட்டால் நீலி வெறும் பேயாகத்தானே தெரிவாள்?

ஒலிபெருக்கி வருமுன்பும் விடிய விடியப் பாடியவர்கள்தான் இவர்கள். கோயில் முற்றத்துக்கு அந்த மணிச் சத்தமே போதும். அடுத்த கொடைக்குச் சினிமாப் பாட்டுக் கச்சேரியைச் சாயங்காலமே வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி இல்லாமல் நீலி கதையை முழுசாகப் பாடவிடும்படி எங்கள் கமிட்டியில் கேட்டிருக்கிறோம், பெண்கள் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு. கூலியும் கதைக்குத் தக்கபடி கூட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.