குறையாத ஒயில்

மோட்டார் வண்டியில் ஒயில் குறைந்தால் ஆபத்து என்பதை வண்டி வைத்திருப்போர் யாவரும் அறிவர். ஒயில் கூடினால் என்ன? யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சாரதிகள் 1990ஆம் ஆண்டின் பின்னர் இக்கேள்விக்கு விடை காண நேர்ந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் வரத்து நின்றது. மின்சாரமும் அற்ற வீடுகளில் மட்டுப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே விளக்குக்கு உதவிற்று. வண்டிக்கும் அதுவே உணவாயிற்று! பிரசவ வேதனையுற்ற தாயை நள்ளிரவில் ஆஸ்பத்திரி சேர்க்க வீதியில் இறங்கியவை ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகள்.

ஏன் பழைய வண்டிகள்? 1947இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஏ-40 வண்டியின் இயந்திரம் நான்கு சிலிண்டர் கொண்டது. கொள்ளளவு 1200 கன சென்ரிமீற்றர். உள்ளிழுத்த கலவையை அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அழுத்தும். மண்ணெண்ணெய் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. முந்தி வெடித்துப் பிஸ்ரனைத் தட்டும். காற்றை வலிந்து புகுத்தும் சுப்பர்சார்ஜர் பூட்டிய வண்டியானால் இப்பத்தியத்தில் நெடுநாள் பிழைத்திராது. ஏ-40 கூழுக்குப் பழகிய கிழவரைப்போல் ஒருவாறு சமாளித்தது.

வண்டியை இயக்கும் முறையும் நம்மூருக்குப் புதிதன்று. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். துலா மிதிப்பு ஒழிந்து இறைப்பு இயந்திரம் வந்த காலந்தொட்டே கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண் தோட்டக்காரர் இதனை அறிவர். இங்கிலாந்து உழவரும் தம் உழவு இயந்திரங்களை இவ்வாறே ஓட்டினர்.

இனி ஒயிலுக்கு வருவோம். பெற்றோல் 40 பாகை சென்ரிகிறேட் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 150 பாகை வேண்டும். ஆகவே இயந்திரம் போதிய சூடு பெறுமுன் மண்ணெண்ணெய் விட்டால் அதில் ஒரு பகுதி ஆவியாகாது, துளிகளாகவே சிலிண்டரினுள் நுழையும். அத்துளிகள் சுவரில் படிந்த ஒயிற்படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து, கீழேயுள்ள ஒயில் தொட்டியிற் சேரும். தவறிச் சேர்ந்த பெற்றோலின் பெரும்பகுதி இயந்திரச் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். மண்ணெண்ணெய் எளிதிற் போகாது. நாடோறும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எனவே அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திராது. சிலவேளை மேற்கோட்டையும் தாண்டி நிற்கும். "என் வண்டி ஒயிலே குடிப்பதில்லை" என்று உரிமையாளர் பெருமைப்படுவார். அப்பெருமை பொல்லாதது. தொட்டியில் உள்ளது நீர்த்த ஒயில். அதற்குப் பேரிங்குகளைக் காக்கும் தடிப்பு இல்லை. வண்டி ஓடும்; ஆனால் உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்னும்.

இதனைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காலையில் இயந்திரம் ஆறியிருக்கையில் வண்டியைச் சமதரையில் நிறுத்துக. அளவுகோலை ஒருமுறை துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க. முன்னாள் அளவிலும் உயர்ந்திருப்பின் ஐயங் கொள்க. ஒரு துளியை விரல்களிடையே தேய்த்தால் வழுவழுப்புக் குன்றியிருக்கும். மணமும் காட்டிக் கொடுக்கும். நீர்த்த ஒயிலின்மேல் புதிய ஒயிலை ஊற்றுவதாற் பயன் சிறிது. சிறிது தூரம் ஓடி வந்து, சூடு இருக்கும்போதே அடியாணியைக் கழற்றி முழுவதும் வடித்தல் வேண்டும்; சூட்டில் இளகிய ஒயில் அழுக்கையும் அள்ளிக்கொண்டு வரும். வழமையான மைல் கணக்கு மண்ணெண்ணெய் வண்டிக்குப் பொருந்தாது. குறுந்தூரம் ஓடி அடிக்கடி ஆறும் வண்டிக்கு இன்னும் விரைவில் மாற்றவேண்டும்.

ஆயின், தடைக்காலத்தில் புதிய ஒயில் எளிதிற் கிடைத்ததா? இல்லை. அளவுகோல் உண்மையைச் சொல்லியும் கேட்க இயலாத நிலையில் பலர் வண்டி செலுத்தினர். 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் அந்த நெருக்கடி தளர்ந்தது. இன்றைய உயரழுத்த இயந்திரங்களில் இம்மண்ணெண்ணெய் வித்தையை மாணவர்கள் பரீட்சிக்க வேண்டா.

வடித்த ஒயிலை என் செய்வது? நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே ஊறும் நீரே கிணறுகளை நிரப்புகிறது. சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பாயிற்று. கறையான் ஏறாதிருக்க மரத்துக்குப் பழைய ஒயில் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. கிணற்றருகே அதுவும் ஆகாது. மூடியுள்ள தகரத்தில் வடித்து, பழைய ஒயில் சேர்ப்போரிடம் கொடுத்துவிடுக.